கலையில் சொந்தம்

‘சொந்தம்’ என்பது நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் ஒரு சொல். தூய தமிழ்ச் சொல் அன்று என்பர் சொல்லாராய்ச்சி செய்வோர், அது நிற்க. ‘இவ்வீடு எனக்குச் சொந்தம்’ என்னும்போது அஃது உடைமையைக் குறிக்கின்றது. ‘அவர் எங்களுக்குச் சொந்தம்’ என்னும்போது உறவைக் குறிக்கின்றது. முன்னதில் விற்கும் உரிமை உண்டு. பூட்டிவைக்கும் உரிமை உண்டு. பிறனை வாயிலில் நிறுத்தும் உரிமையும் உண்டு. பின்னதில் இவற்றுள் ஒன்றும் இல்லை. நோயுற்றால் சென்று காணவேண்டும், மணவீட்டில் முன்னின்று உழைக்கவேண்டும், சாவு வீட்டில் தோள்கொடுக்கவேண்டும் என்னும் கடன்களே அதில் மிகுதி. ஒரு நாட்டார் ஓர் ஓவியத்தைச் சுட்டி ‘இது நம் கலை’ என்று பெருமிதம் கொள்ளும்போது இவ்விரு பொருளுள் எதனைக் கருதுகின்றனர்? தாய்மொழி வழங்கும் நிலத்தை விட்டு வேற்று மொழி நிலத்தில் இரண்டு மூன்று தலைமுறையாக வேரூன்றி வாழும் நம்மனோர்க்கு இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

பெங்களூரில் குமாரகிருபா சாலையில் கர்நாடக சித்திரகலா பரிஷத்து உள்ளது. ஓவியர் எம். எஸ். நஞ்சுண்டராவ் அவர்களின் பெருமுயற்சியால் 1960இல் தோன்றி வளர்ந்த கலை நிறுவனம் அது. நாட்டின் ஒரு பகுதிக்குரிய கலைச்செல்வத்தைத் திரட்டிக் காப்பதே அதன் முதல் நோக்கம். பழைய மைசூர் மரபு ஓவியங்களையும் சிற்றூர்களில் கிடந்த தோற்பாவைகளையும் தேடித் தொகுத்தமை அந்நிறுவனம் செய்த நற்றொண்டு. ஆயின் அங்கே மற்றொரு கூடமும் உண்டு. உருசிய நாட்டிற் பிறந்த நிக்கோலஸ் ரோரிக், அவர் மகனார் ஸ்வெட்டோஸ்லாவ் ரோரிக் ஆகியோரின் ஓவியங்கள் நிறைந்த கூடம் அது. தோற்பாவை இராவணனைக் கண்டு வந்த கண், சில அடிகள் நடந்த அளவில், நீலமும் ஊதாவும் தோய்ந்த இமயச் சிகரங்களைக் காண்கின்றது.

இவ்வமைப்பை இரு சாரார் குறைகூறக் கேட்கலாம். ‘கன்னட நாட்டுக் கூடத்தில் உருசியருக்கு என்ன வேலை? அவ்விடத்தில் நம் ஓவியர் இருவரை ஏற்றலாமே’ என்பர் ஒரு சாரார். ‘உலக ஓவியம் தொங்கும் மனையில் கூத்தாடியின் தோலுக்கு என்ன வேலை? அதனை நாட்டுப்புறப் பொருள்களோடு சேர்த்துவிடலாமே’ என்பர் மற்றொரு சாரார். முதலவரை மண்பற்று உடையவர் என்றும் இரண்டாமவரை உலகப் பார்வை உடையவர் என்றும் நாம் பிரித்துப் பேசுகிறோம். எனக்கு இவ்விருவரும் ஒருவராகவே தோன்றுகின்றனர். இருவரும் கலையை உடைமையாகவே காண்கின்றனர். ஒருவர் பட்டாவைப் பார்க்கிறார். மற்றவர் விலைச்சீட்டைப் பார்க்கிறார்.

முதலில் பட்டாவையே ஆராய்வோம். மைசூர் ஓவியம் கன்னட நாட்டின் தனிச்சொத்து என்பதில் யாருக்கும் ஐயம் எழாது. அதன் செய்முறையே அதற்குச் சான்று. பலகையின்மேல் தாளை ஒட்டி, புளியஞ்சுள்ளியைச் சுட்டெடுத்த கரியால் கோடு வரைவர். அணிகலனும் அரியணையும் வரும் இடங்களில் வெண்பொடியும் மக்கி என்னும் மஞ்சட் பிசினும் சேர்த்துக் குழைத்த பசையால் மெல்லிய மேடு எழுப்புவர். அதன்மேல் பொன்தாளைப் பதித்து, மேலே ஒரு தாளை வைத்து, வழவழப்பான கல்லால் இழைத்து மெருகேற்றுவர். மேடு தடவினால் மட்டுமே தெரியும் அளவிற்கு நுண்ணியது. நம் தஞ்சை ஓவியமோ பருத்த மேடும் பதித்த கண்ணாடிக் கற்களும் கனத்த பொன்னுமாக விளக்கொளியில் தகதகவென்று மின்னும். ஒன்று மெல்லப் பேசுவது. மற்றொன்று உரக்கப் பாடுவது. இத்துணை வேறுபாடு உடைய இவ்விரண்டும் உடன்பிறந்தவை. 1565இல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தபின், புரவலரை இழந்த ஓவியர் குடும்பங்கள் திசைக்கொன்றாகச் சிதறின. சில சீரங்கப்பட்டணம் சேர்ந்து உடையார் மன்னரை அடைந்தன. சில தஞ்சை வந்து நாயக்கரை அண்டின. மைசூரில் மும்மடி கிருட்டிணராச உடையார் (1794–1868) காலத்தும், தஞ்சையில் மராட்டியரான இரண்டாம் சரபோசி காலத்தும் அம்மரபுகள் தழைத்தன. தஞ்சை ஓவியத்தை வளர்த்த ராஜுக்கள் தெலுங்கு பேசிய குடியினர். தெலுங்குக் கை, மராட்டியக் கொடை, தமிழ் மண் ஆகிய மூன்றும் கூடிப் பெற்ற குழந்தையைத்தான் நாம் ‘தஞ்சாவூர்ப் படம்’ என்று நம் பூசையறையில் மாட்டி வைத்துள்ளோம். அதில் பிழையொன்றும் இல்லை. எடுத்து வளர்த்த உரிமை நமக்கு உண்டு. ஆனால் அது பெற்ற உரிமை அன்று.

தோற்பாவைக்கு வருவோம். கன்னட நாட்டின் ‘தொகலு கொம்பே’ ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாக நிகழ்த்தி வருவோர் கிள்ளேக்யாதர் எனப்படும் குடியினர். மேடையில் அவர்கள் பாடுவது கன்னடம். வீட்டில் பேசுவதோ மராட்டி வழக்கு ஒன்று. தமிழகத்தில் தோற்பாவைக் கூத்தைக் காத்த மண்டிகர் கதையும் இஃதே. பாவைகள் ஆடும் திரைக்குமுன் ஒரு மொழி, திரைக்குப்பின் அடுப்பங்கரையில் மற்றொரு மொழி. ஊர் ஊராகச் சென்ற இம்மக்களுக்குப் பல காலம் ஊரெல்லைக்கு வெளியேதான் கூடாரம். அவர்தம் கைப்பாவை இன்று கண்ணாடிப் பேழைக்குள் ‘நம் மண்ணின் கலை’ என்னும் பெயரோடு நிற்கின்றது. பாவை சொந்தமாயிற்று, பாவை செய்தவன் சொந்தமானானா என்று வினவினால் விடை கூற நா எழவில்லை.

இங்கே வேறோர் அறச்சிக்கலும் உண்டு. பதப்படுத்திய தோலில் சாயம் தோய்த்துத் துளையிட்ட அப்பாவைக்கு உயிர், பின்னே எரியும் எண்ணெய் விளக்கு. விளக்கின்றி அது வெறுந்தோல். கிழிந்து பழுதான பாவையைத் தூக்கி எறியாது, இறந்தோர்க்குச் செய்வதுபோல ஆற்றில் விட்டுவிடும் வழக்கம் அக்குடும்பங்கள் சிலவற்றில் இருந்தது. அவ்வழக்கத்தின்படி ஆற்றோடு போகவேண்டிய பாவையை நிறுத்திவைத்திருக்கின்றது காட்சிக்கூடம். சாகவிடாது காப்பதும் ஒருவகைக் கொடுமையன்றோ என்று வினவுவார் உளர். அவ்வினாவை எளிதில் தள்ள முடியாது. எனினும் பாவையை வாங்கும் ஊரார் அருகி, ஆட்டம் நின்று, புதுப்பாவை செய்வோரும் குறைந்துவிட்ட நிலையில், பழம்பாவையையும் ஆற்றில் விட்டால் எஞ்சுவது யாது? செய்வோன் உள்ளவரை ஆற்றில் விடுவது நிறைவு. செய்வோன் இல்லாதபோது அதுவே இழப்பு. ஆகவே கூடம் பாவையைக் காப்பது சரியே. ஆண்டுக்குச் சில இரவுகளேனும் ஆட்டக்காரரை அழைத்து, விளக்கேற்றி, உரிய ஊதியம் தந்து ஆடச்செய்யாத கூடம் பாதிக் கடனையே செய்ததாகும் என்பது என் கருத்து.

இனி உருசியரைக் காண்போம். நிக்கோலஸ் ரோரிக் (1874–1947) 1923இல் இந்தியாவுக்கு வந்து, குலுப் பள்ளத்தாக்கில் நக்கர் என்னும் ஊரில் தங்கி, இமயத்தையே தீட்டித் தீட்டி அங்கேயே மறைந்தார். மகனார் ஸ்வெட்டோஸ்லாவ் (1904–1993) திரைவானில் புகழ்பெற்ற தேவிகா ராணியை 1945இல் மணந்தார். அவ்விணையர் பின்னர்ப் பெங்களூருக்குத் தெற்கே, கனகபுரச் சாலையில் தாதகுணி என்னும் இடத்தில் பெருந்தோட்டம் அமைத்து வாழ்ந்தனர். தாமும் தந்தையும் தீட்டிய ஓவியங்களைச் சித்திரகலா பரிஷத்துக்கு வழங்கினார் ஸ்வெட்டோஸ்லாவ். மக்கட்பேறு இல்லாத அவர்கள் 1993இலும் 1994இலும் அடுத்தடுத்து மறைந்தபின், தோட்டத்தைக் குறித்து வழக்குகள் மூண்டன. கர்நாடக அரசு 1996இல் தனிச்சட்டம் இயற்றி அதனைக் கையகப்படுத்தியது. 2011இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியற்சாசன ஆயம் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒன்றைக் கருதுக. நிலம் உடைமையாக இருந்தது. பதினைந்து ஆண்டு வழக்கில் கிடந்தது. ஓவியங்கள் கொடையாகச் சென்றன. அவ்வாண்டுகளிலெல்லாம் பள்ளிச் சிறுவர் அவற்றைக் கண்டு களித்தனர்.

இந்நிக்கோலஸ் ரோரிக்கிற்கு மற்றொரு பெருமையும் உண்டு. போர்க்காலத்திலும் கலைக்கூடங்களையும் நினைவுச் சின்னங்களையும் தாக்குதல் ஆகாது என்னும் உடன்படிக்கையை அவர் உருவாக்கினார். 1935 ஏப்பிரல் 15இல் வாசிங்டனில் அமெரிக்க நிலப்பரப்பின் நாடுகள் 21 அதில் ஒப்பமிட்டன. வெள்ளைக் கொடியில் செவ்வட்டத்துள் மூன்று செம்புள்ளிகள் அதன் அடையாளம். பகைவனுடைய கலையும் நான் காக்கவேண்டிய கலையே என்பது அக்கொடியின் பொருள். இரண்டு ஆண்டு கழிந்து, 1937 ஏப்பிரல் 26இல், இசுபெயின் நாட்டு உள்நாட்டுப் போரில், பாஸ்க் மக்களின் பழம்பெருமை வாய்ந்த கெர்னிகா என்னும் சிற்றூர்மீது செர்மானிய, இத்தாலிய வானூர்திகள் குண்டு பொழிந்தன. ஐரோப்பா அக்கொடியை ஏற்கவில்லை என்பதும் நினைக்கத்தக்கது.

பாஸ்க் மக்களைப்பற்றி நாம் அறிந்துகொள்வது நல்லது. இசுபெயினுக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட மலைநிலத்தில் வாழும் அவர்தம் மொழியான எயுஸ்கரா, உலகில் அறியப்பட்ட வேறெம்மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி. பிராங்கோவின் கொடுங்கோலாட்சியில் அது பொதுவாழ்வினின்று ஒடுக்கப்பட்டது. இத்தகைய மக்கள் தமக்கெனக் கலைக்கூடம் அமைத்தால் தம்மவர் படைப்பை மட்டுமே அதில் வைப்பர் என்று எதிர்பார்ப்போம். அவர்தம் பெருநகரான பில்பாவோவின் நுண்கலை அருங்காட்சியகம் 1908இல் நிறுவப்பெற்று 1914இல் திறக்கப்பெற்றது. 1924இல் தோன்றிய தற்காலக் கலைக்கூடமும் பின்னர் அதனோடு இணைந்து, 1945இல் புதுமனை கண்டது. அங்கே சுலோவாகா, ஆர்தேதா, சில்யீதா முதலிய பாஸ்க் கலைஞர் உளர். அவர்களோடு எல் கிரெக்கோவும் சுர்பரானும் பிரெஞ்சு ஓவியர் கோகனும் உளர். எல் கிரெக்கோ என்றால் ‘கிரேக்கன்’ என்றே பொருள். கிரீட் தீவிற் பிறந்தவனை இசுபெயின் தன் பெரும்புலவனாகக் கொண்டாடுகின்றது! பாஸ்க் நிலத்தின் மழையையும் மாலையையும் தீட்டியோருள் முன்வைத்து எண்ணப்படும் தாரியோ தெ ரெகோயோஸ் பிறந்ததும் பாஸ்க் நாட்டில் அன்று, அஸ்தூரியாஸில். மண்ணைப் பெற்றவர் பலர். அதனைக் கண்டவர் சிலர். அச்சிலரை அம்மக்கள் வாயிலில் நிறுத்திப் பிறப்புச் சான்று கேட்கவில்லை.

ஆயினும் அவர்களுக்கு மறுக்கப்பட்ட ஓவியம் ஒன்று உண்டு. கெர்னிகாவின் அழிவை மாலகாவிற் பிறந்த பிக்காசோ, பாரிசில் இருந்துகொண்டு, அவ்வாண்டிலேயே தீட்டினார். நியூயார்க்கில் நெடுங்காலம் இருந்த அப்பேரோவியம் 1981இல் இசுபெயின் திரும்பி, 1992 முதல் மத்ரித்தில் இரேய்னா சோபியா அருங்காட்சியகத்தில் உள்ளது. பாஸ்க் மக்கள் சிறிதுகாலமேனும் தம் நிலத்தில் அதனை வைத்துக் காண விழைந்து கேட்டனர். பயணத்தில் துணி சிதையும் என்று மறுமொழி வந்தது. துணியின் நலிவு மெய்யே. ஆனால் சுமக்கப்பட முடியாதது துணியா, மனமா என்னும் ஐயம் நமக்கு எழாமல் இல்லை. இறந்தோர் உறவினருக்கு அவ்வோவியம் சொந்தம். மாநில எல்லைக்குள் வைத்திருப்போருக்கும் சொந்தம். இரண்டும் ஒரே சொல்தான்.

‘எல்லாம் உறவு என்றால் கொள்ளையும் உறவாகிவிடாதா?’ என்று வினவலாம். கேட்கவேண்டிய வினா. தஞ்சைத் தரணியில் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட கூத்தப்பெருமான் திருமேனி கடல் கடந்து இலண்டனை அடைந்தது. இலண்டன் நீதிமன்றத்தில் 1988இல் தீர்ப்புக் கிடைத்தது. மேல்முறையீடும் 1991இல் தள்ளுபடியாகிப் பெருமான் திரும்பினார். சிதைந்து கிடந்த கோயிலும் வழக்காடும் தகுதியுடைய ஓர் ஆளே என்று அந்நீதிமன்றம் ஏற்றது வியப்பிற்குரியது. உறவு என்பவன் திருடிச் செல்லமாட்டான். ஆகலின் அவ்வழக்கு நியாயமானது. இருந்தும் ஒன்று சொல்லவேண்டும். மீண்டு வந்த திருமேனிகள் பல, களவுக்கு அஞ்சி, பாதுகாப்பு மையங்களின் இருட்டறைகளில் அடைபட்டன. பூசையும் இல்லை, காண்பாரும் இல்லை. வழக்கில் வென்ற உடைமை, உறவாக மலரவில்லை. ‘எங்களுடையது’ என்று முழங்கிய நாம் அதன்பின் ஆற்றவேண்டிய கடனை அறநிலையத் துறையின் பூட்டிடம் ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பினோம்.

மீண்டும் பெங்களூருக்கே வருவோம். கஸ்தூரிபா சாலையில் அரசு அருங்காட்சியகம் உள்ளது. 1865இல் தோன்றிய அதற்கு வழிகாட்டியவர், சென்னை அருங்காட்சியகத்தையும் தொடங்கிவைத்த மருத்துவர் எட்வர்டு பால்போர். பக்கத்திலேயே வெங்கடப்பா கலைக்கூடம். அவனீந்திரநாத தாகூரின் மாணவரும் மைசூர் அரசவை ஓவியருமான கே. வெங்கடப்பா (1886–1965) நீர்வண்ணத்தில் தீட்டிய புகழ்பெற்ற நிலக்காட்சிகள் எவற்றைக் காட்டுகின்றன? உதகமண்டலத்தையும் கொடைக்கானலையும்! தமிழ் மலையின் மூடுபனி கன்னட ஓவியனின் தூரிகையில் தங்கிக் கன்னடத் தலைநகரில் தொங்குகின்றது. இதனை அறிந்து மகிழாத தமிழர் இரார்.

ஆனால் மகிழ்வது எளிது. அருங்காட்சியகத்தில் அவ்வளவு எளிதாக மகிழ முடியாத கல் ஒன்று உண்டு. மண்டியா அருகே ஆதகூரில் கிடைத்த, கி.பி. 949–950 காலத்துக் கன்னடக் கல்வெட்டு அது. இராட்டிரகூட மன்னன் கன்னரதேவனுக்காகக் கங்க மன்னன் பூதுகன் தக்கோலப் போர்க்களத்தில் சோழ இளவரசன் இராசாதித்தனைக் கொன்ற செய்தியை அக்கல் பெருமிதத்தோடு உரைக்கின்றது. முதற் பராந்தகனின் மூத்த மகனாகிய அவ்விராசாதித்தனையே நம் கல்வெட்டுகள் யானைமேல் துஞ்சிய தேவர் என்று துயரத்தோடு குறிக்கின்றன. நமக்குப் புண், அவர்களுக்கு வெற்றி மாலை. அதே கல்லில் ஒரு நாயின் கதையும் உண்டு. அப்போரில் மறங்காட்டிய மணலேரன் என்பானிடம் மன்னன் வேண்டியதைக் கேள் என்றானாம். பொன்னும் பதவியும் கேளாது, காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான் அவன். பின்னர் அந்நாய் பெரும்பன்றி ஒன்றோடு பொருது, இரண்டும் ஒருங்கே மாய்ந்தன. நாயும் பன்றியும் முட்டி நிற்கும் சிற்பத்தோடு அந்நாய்க்கு எழுந்த நினைவுக்கல் அது. கல்லுக்கு நிலம் விட்டு, அந்நிலத்தை ஆளும் கொரவன் கல்லுக்குப் பூசை செய்யாது உண்பானாயின் அந்நாயின் பாவம் அவனைச் சேரும் என்றும் விதித்தனர்.

கணியன் பூங்குன்றனார் பெயரை ஒலிக்காத தமிழ் விழா இல்லை. அதனை மேடையில் ஒலிப்பதைவிட இக்கல்லின்முன் நிற்பது கடினம். நம் இளவரசனின் சாவைக் கொண்டாடும் எழுத்தின் அழகை ஒப்புக்கொள்ளவும், ஒரு நாய்க்காக அழுத பகைவனின் நெஞ்சை மதிக்கவும் நமக்கு இயலுமா? இயலுமாயின் அக்கல்லும் நமக்குச் சொந்தம். இயலாதாயின் தஞ்சைப் பெரிய கோயிலும் நமக்கு வெறும் உடைமையே. பிறர் புகழும்போது மார்தட்டவும் பிறர் பழிக்கும்போது சினக்கவும் உதவும் உடைமை.

அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை 18 ஆண்டு துணிக்குள் மூடிக்கிடந்ததை நாம் மறவோம். 2009 ஆகத்து 9இல் துணி விலகியது. நான்கு நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடப் புலவர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. ஒன்றுக்கு ஒன்று என்னும் அரசியல் கணக்கு அது என்று எள்ளுவோர் எள்ளட்டும். கணக்கிலேனும் உறவு தொடங்கியதே என்று நான் மகிழ்ந்தேன். ஆனால் அத்தொடக்கத்துக்குப்பின் சர்வக்ஞரின் மூவடிப் பாக்களைத் தேடிப் படித்த பெங்களூர்த் தமிழர் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணலாம் என்றே அஞ்சுகிறேன். கன்னடம் பேசத் தெரியாதவர் நம்முள் அரியர்; கன்னடம் படிப்போரே அரியர்.

சங்க அன்பர்கள் ஒன்று செய்யலாம். விடுமுறை நாளொன்றில் நம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கஸ்தூரிபா சாலைக்குச் செல்லலாம். பழங்கன்னட எழுத்தறிந்த பேராசிரியர் ஒருவரை வேண்டி, ஆதகூர்க் கல்லை வரிவரியாகப் படித்துக் காட்டச் செய்யலாம். இராசாதித்தன் பெயர் வரும் இடத்தைப் பிள்ளைகளே விரலால் சுட்டட்டும். பிறகு அந்நாயின் பெயரையும் தேடட்டும்.